சுவரில் ஓர் அலுமாரி, முற்றத்தில் ஒரு கொட்டில்
அல்லைப்பிட்டியில் நாங்கள் கற்ற பாடம்



நயினாதீவு நாகபூசணி அம்மனைக் கும்பிட நம் மலையகத்திலிருந்து வருடா வருடம் எத்தனையோ வேன்கள் போகின்றன. யாழ்ப்பாண நகரத்தைத் தாண்டி, பண்ணைக் கடலின் நடுவே போட்ட வீதியால் போய், தீவுகளுக்குள் நுழைந்தால் வேலணைத் தீவின் கிழக்கு முனையில் முதலில் வருகிற ஊர்களில் ஒன்று அல்லைப்பிட்டி. அங்கிருந்து வேலணை, புங்குடுதீவு, பிறகு குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே வள்ளம் ஏற வேண்டும். இந்த வழியால் போனவர்கள் அல்லைப்பிட்டியை வேன் யன்னலால் பார்த்திருப்பீர்கள். பனை, மணல், கடற்காற்று. பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை.

நாங்கள் இறங்கினோம். இறங்க வேண்டி வந்தது. வேனின் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. மாற்று ரயர் இருந்தது. ஜக்கியின் கைபிடியைக் காணவில்லை. உச்சி வெயில். வேனுக்குள் பிள்ளைகளும் வயதானவர்களும். ரோட்டோரத்து வேலிக்கு உள்ளே ஒரு பெரியவர் நின்றார். விசயத்தைச் சொன்னோம். "நில்லுங்கோ தம்பி" என்று உள்ளே போனவர், ஒரு நிமிசம் ஆகவில்லை, ஜக்கியையும் கைபிடியையும் நாலு அளவு சாவியையும் கொண்டு வந்து விட்டார்.

எங்களுக்கு ஆச்சரியம் ஜக்கி கிடைத்ததில் இல்லை. அவ்வளவு சீக்கிரம் கிடைத்ததில்தான். நம் வீட்டில் ஒரு குறடு தேட வேண்டுமென்றால் கட்டிலுக்கடியில் ஒருவர், அட்டலில் ஒருவர், சாக்கு மூட்டைக்குள் ஒருவர் என்று மூன்று பேர் தேடுவோம். கடைசியில் பக்கத்துக் காம்பராவில் இரவல் வாங்குவோம்.

ரயரை மாற்றிய பிறகு, "ஐயா, எங்கிருந்து எடுத்தீங்கன்னு பார்க்கலாமா?" என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே கூட்டிப் போய்க் காட்டினார். நாங்கள் அங்கே பார்த்ததையும், ஊருக்கு வந்து செய்து பார்த்ததையும் சேர்த்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

பார்த்தது என்ன?

போருக்குப் பிறகு கட்டிய சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை. குசினி தனியே, கொஞ்சம் தள்ளி. வளவின் ஓரத்தில் நாலு பக்கமும் காற்று வருகிற ஒரு கொட்டில். அதில் ஓர் ஓட்டோ, ஒரு சைக்கிள். கொட்டிலின் ஒரு பக்கத்தில் மட்டும் பாதி உயரத்துக்குச் சீமெந்துக் கல் வைத்து, அதற்கு மேலே மரச் சட்டம் போட்டு, அந்தச் சட்டத்தில் மூன்று அலுமாரிகளைக் கொளுவியிருந்தார். பலகை எல்லாம் இடிந்த பழைய வீட்டின் கூரையிலிருந்து எடுத்த பனஞ் சிலாகை. உள்ளே இழுப்பறைக்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டிகள். ஒரு பெட்டியில் ஆணி, ஒன்றில் சாவி, ஒன்றில் வயர்த் துண்டு. கதவுக்கு இரும்புப் பிணைச்சல் கிடையாது. பழைய ரயர் ரியூப்பை வெட்டிப் பிணைச்சலாக அடித்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "உப்புக் காத்தில இரும்பு ரண்டு வருசம் நிக்காது பிள்ளையள். றப்பர் நிக்கும்" என்றார்.

பனை மரத்தின் வெளிப்புறம் கறுத்து, இரும்பு மாதிரி இருக்கும். உட்புறம் மென்மையான சோத்தி. ஆணியை அப்படியே அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லையென்றால் பலகை பிளக்கும். முதலில் துளை போட வேண்டும். நின்ற பனையை நினைத்தபடி தறிக்கவும் முடியாது, அனுமதி வேண்டும். அதனால்தான் பழைய மரத்தை அவர் விடுவதில்லை.

நம்மில் ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, எங்க லயத்துல சுவத்துல ஆணி அடிச்சா மண்ணுதாங்க கொட்டுது. நாங்க எங்க கொளுவுறது?"

அவர் சொன்ன பதில் எங்களுக்கு இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. "சுவர் தாங்காட்டி நிலம் தாங்கும் பிள்ளை. ஆனா முதல்ல எது வீட்டுக்குள்ள இருக்கோணும், எது வெளியில இருக்கோணும் எண்டு பிரியுங்கோ. பெற்றோலை உள்ளுக்கு வைச்சுப்போட்டு மனுசரை வெளியில படுக்க விடுறதே?"

பாடத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அளவும் ஆணியும்.

நமக்கு ஏன் இது இப்போது தேவை?

யாழ்ப்பாணத்துப் பழைய வீடு என்பது ஒரே கட்டிடம் அல்ல. ஒரு வளவுக்குள் வீடு ஒன்று, குசினி ஒன்று, மாட்டுக் கொட்டில் ஒன்று, வண்டிக்கு ஒரு கொட்டில் என்று பிரித்துப் போட்டு வாழ்ந்தார்கள். தீயும் புகையும் ஒரு பக்கம், நித்திரை ஒரு பக்கம். நமக்கு அப்படி ஒரு வாய்ப்பே தரப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. 120 சதுர அடிக்குள் சமையல், படுக்கை, விறகு, மண்ணெண்ணெய், படங்கு, கவ்வாத்துக் கத்தி, பிள்ளையின் புத்தகம் எல்லாம். அது நம் பழக்கக் குறை அல்ல, கட்டியவன் வைத்த குறை.

இன்றைக்கு ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்திருக்கின்றன. இந்திய உதவி வீட்டுத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்தார். இந்தத் திட்டத்து வீடு 550 சதுர அடி. ஆனால் இன்னும் ஏராளமானோர் லயத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தை இரு தரப்பாருக்கும் எழுதுகிறோம்.

புது வீட்டுக்குப் போனவர்களிடம் ஒன்றைக் கண்டோம். வீடு பெரிசாகியும் சாமான் அதே மூட்டையாகவே மூலையில் கிடக்கிறது. ஓட்டோ வாங்கிய பிள்ளை அதன் பெற்றோல் கானைப் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைக்கிறான். லயத்தின் நெருக்கடியை நாமே புது வீட்டுக்குள் கொண்டு போகக் கூடாது.

முதல் வேலை: மூன்று குவியல்

பலகை வாங்கப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழையில்லாத நேரம் பார்த்து, வீட்டுச் சாமானையெல்லாம் இஸ்தோப்புக்குக் கொண்டு வாருங்கள். குடும்பம் முழுக்க நிற்க வேண்டும். மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

1. தினமும் கைக்கு வேண்டியவை: கோப்பை, தேயிலைத் தூள், சீனி, மருந்து, பிள்ளைகளின் புத்தகம். இவை வீட்டுக்குள், சுவர் அலுமாரிக்கு.

2. பாரமானவை: அரிசி மூட்டை, உரல், மம்பட்டி, முள்ளு, ஜக்கி. இவை நிலத்தில், அல்லது நிலத்திலிருந்து ஒரு சாணுக்குள் உள்ள தட்டில். பாரத்தைத் தலைக்கு மேலே வைக்கவே கூடாது.

3. ஆபத்தானவை: பெற்றோல், மண்ணெண்ணெய், களைக்கொல்லி, பூச்சி மருந்து, பெயின்ட். இவை படுக்கிற இடத்திலும் சமைக்கிற இடத்திலும் இருக்கக் கூடாது. வெளியில், பூட்டுக்குள்.

நாலாவது குவியல் ஒன்றும் தானாக வரும். வருசக்கணக்கில் தொடாத சாமான். அதை என்ன செய்வது என்பதை வீட்டு அம்மாவிடம் விட்டு விடுகிறோம்!

பிரித்த பிறகு முதற் குவியலை வரிசையாக அடுக்கி, எத்தனை அடி நீளம் வருகிறது என்று அளவுங்கள். அலுமாரியின் அளவை அது சொல்லும். கடைக்காரர் சொல்லக் கூடாது.

இரண்டாவது வேலை: சுவரை அறிதல்

புது வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லால் ஆனவை. துளை போட்டு ரோல் பிளக் இறக்கி, மூன்று அங்குல இஸ்குறுப்பு ஆணி முடுக்கினால் பிடிக்கும். பிளக் இறுக்கமில்லாமல் துளைக்குள் சுற்றினால் அந்தத் துளையை நம்பாதீர்கள். இரண்டு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பொயின்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்க வேண்டாம். வயர் அந்த வழியால்தான் ஓடும்.

பழைய லயச் சுவர் வேறு. பல இடங்களில் அது மண்ணும் கல்லும் வைத்து, மேலே சுண்ணாம்பு பூசியது. தட்டிப் பாருங்கள். டொம் டொம் என்று பொள்ளலாகக் கேட்டால், விரலால் தேய்க்கும்போது பொடி உதிர்ந்தால், அதில் பாரம் கொளுவாதீர்கள். எங்கள் குழுவில் ஒருவரின் லயத்து வீட்டில் நடந்தது இது. தட்டு ஒன்றை நாலு ஆணியில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் அதிகாலை, பிரட்டுக்குப் போகிற நேரம், தட்டு ஆணியோடும் மண்ணோடும் சேர்ந்து விழுந்தது. அதற்கடியில் படுத்திருந்த பிள்ளையை ஐந்து நிமிசத்துக்கு முன்னால்தான் பாட்டி தூக்கியிருந்தாள். மேலேயிருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் உடைந்து பாயெல்லாம் எண்ணெய். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குப் பிள்ளை தப்பியது பாட்டியின் கையால்.

அப்படிப்பட்ட சுவருள்ளவர்கள் காலூன்றிய தட்டு செய்யுங்கள். அலுமாரியின் இரு பக்கப் பலகையையும் நிலம் வரை நீட்டினால் பாரம் முழுவதும் நிலத்துக்குப் போகும். சுவரில் அடிக்கிற ஆணி, தட்டு முன்னால் சாயாமல் பிடிக்க மட்டும்தான். லயக் கட்டிடம் தோட்டத்துக்குச் சொந்தமாக இருந்தால் துளை போடுமுன் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

மூன்றாவது வேலை: பலகை

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் அலுமாரி, மேசை, ஏன் தொட்டில்கூடத் தேயிலைப் பெட்டிப் பலகையில்தான். தேயிலையைக் கடதாசிப் பையில் கட்டத் தொடங்கியதும் அந்தப் பலகையும் இல்லாமற் போனது. இப்போது நமக்குக் கிடைப்பவை சவுக்கு, டர்பன்டைன், பைனஸ் மரப் பலகைகள், கடைகளில் சாமான் இறக்கிவிட்டு ஒதுக்குகிற மரத் தட்டுப் பலகைகள். பழைய பலகை நல்லதுதான். ஆனால் கறையான் தின்றதா என்று ஆணியால் குத்திப் பாருங்கள். தோட்டத்து நிழல் மரத்தைக் கேளாமல் வெட்டுவது குற்றம். விழுந்த மரம் இருந்தால் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

பச்சைப் பலகையில் அலுமாரி செய்யாதீர்கள். காயும்போது முறுக்கிக்கொள்ளும். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் நிழலில் காய வேண்டும் என்பது பழைய தச்சுக் கணக்கு. பலகைகளுக்கு நடுவே சின்னக் குச்சிகளை வைத்து, காற்றுப் போகும்படி அடுக்கிக் காய விடுங்கள்.

மூன்று அடி அலுமாரி: அளவும் கணக்கும்

அகலம் 36 அங்குலம், உயரம் 24 அங்குலம், ஆழம் 9 அங்குலம். முக்கால் அங்குலத் தடிப்புள்ள, 9 அங்குல அகலப் பலகை எடுத்துக்கொள்கிறோம்.

பக்கப் பலகை: 24 அங்குலம், 2 துண்டு.
மேல், கீழ், நடுத்தட்டு: 34½ அங்குலம், 3 துண்டு.
மொத்தம் 151½ அங்குலம். பன்னிரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேலே. வாள் தின்னும் தூளையும் வெடித்த நுனியையும் சேர்த்து 14 அடி வாங்குங்கள்.
சட்டங்கள்: அதே தடிப்பில், 34½ அங்குல நீளத்தில் 3 துண்டு. ஒன்று 4 அங்குல அகலம், ஒன்று 3 அங்குலம், ஒன்று 2 அங்குலம்.
முதுகுக்கு: மெல்லிய பிளைவுட், 35¾ அங்குலத்துக்கு 23¾ அங்குலம்.

இந்த பிளைவுட்டில்தான் சிக்கனம் இருக்கிறது. கடையில் அது 8 அடிக்கு 4 அடியாக முழுசாக வரும். ஒரு வீட்டுக்கென்று வாங்கினால் பெரும்பகுதி மிஞ்சி நனைந்து வீணாகும். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒரு பலகை வாங்குங்கள். நீளவாக்கில் 36 அங்குலம், 36 அங்குலம் என்று இரண்டு பிரிவு போட்டால், ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு துண்டு. ஆக நாலு. மிச்சம் 24 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் உள்ள துண்டில் குறுக்கே திருப்பினால் ஐந்தாவது. வாள் போகிற தடிப்புக்காகத்தான் ஒவ்வொரு துண்டையும் கால் அங்குலம் குறைத்துச் சொன்னோம். கடையிலேயே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு துளைக்கும் மெசினும் போதும். கொந்தரப்பு வேலையில் கைமாறிக் கொள்கிற மாதிரி, ஐந்து ஞாயிறு ஐந்து வீடு என்று செய்தால் வேலைக் கூலி மிச்சம்.

செய்யும் முறை

1. இரு பக்கப் பலகைக்கும் நடுவே மேல், கீழ், நடுத்தட்டு மூன்றையும் வைத்து, முதலில் துளை போட்டு, பிறகு ஆணி முடுக்குங்கள். பசை இருந்தால் பூசுங்கள்.

2. மூலைக்கு மூலை குறுக்கே கயிற்றால் அளவுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் சதுரம் சரி. வித்தியாசம் இருந்தால் நீண்ட பக்கத்து மூலையை மெல்லத் தட்டிச் சரியாக்குங்கள்.

3. 3 அங்குலச் சட்டத்தை உள்ளே, மேல்தட்டுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக வைத்து இரு பக்கப் பலகையிலும் மேல்தட்டிலும் இறுக்குங்கள். இதுதான் பாரம் தூக்கப் போகிற எலும்பு. அதன் பிறகு பிளைவுட்டை முதுகில் அடியுங்கள்.

4. 4 அங்குலச் சட்டத்தை நீளவாக்கில், வாளைச் சாய்த்துப் பிடித்து, நடுவால் இரண்டாக அறுங்கள். இரண்டு துண்டுக்கும் ஒரு விளிம்பு சாய்வாக இருக்கும். ஒன்று சுவருக்கு, ஒன்று அலுமாரிக்கு.

5. சுவர்த் துண்டின் சாய்ந்த விளிம்பு மேலே வர வேண்டும். சுவர்ப் பக்கம் தாழ்ந்தும் நம் பக்கம் உயர்ந்தும் இருக்க வேண்டும். அப்போது சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய் மாதிரி வரும். நீர்மட்டம் பார்த்து நாலு இடத்தில் ஆணி முடுக்குங்கள். நீர்மட்டம் இல்லையென்றால் மூடியுள்ள போத்தலில் முக்கால்வாசித் தண்ணீர் விட்டு, படுக்கப் போட்டுக் குமிழியைப் பாருங்கள்.

6. அலுமாரித் துண்டைப் பிளைவுட்டுக்கு வெளியே, மேற்பக்கம், சாய்ந்த விளிம்பு கீழே வரும்படி வைத்து, ஒன்றரை அங்குல ஆணியால் உள்ளே இருக்கும் அந்த எலும்புச் சட்டத்தோடு சேர்த்து முடுக்குங்கள். வெறும் பிளைவுட்டில் முடுக்கினால் பிய்த்துக்கொண்டு வரும். 2 அங்குலச் சட்டத்தை முதுகின் கீழ்ப்பக்கம் அடியுங்கள்.

7. இரண்டு பேர் தூக்கி, சுவர்ச் சட்டத்தின் வாய்க்குள் அலுமாரிச் சட்டத்தை இறக்குங்கள். கொளுவிக்கொள்ளும். வீடு மாறினால் அதே மாதிரித் தூக்கிக் கழற்றிக்கொண்டு போகலாம்.

அலுமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே முக்கால் அங்குல இடைவெளி விழும். அது தற்செயல் அல்ல. அல்லைப்பிட்டியில் எதிரி உப்பு. நமக்கு எதிரி ஈரம். மூடுபனி மாதங்களில் சுவர் வியர்க்கும். சுவரோடு ஒட்டி வைத்த பலகையில் பூஞ்சணம் பிடிக்கும், பிள்ளையின் புத்தகம் நாறும். காற்றுப் போகிற வழி வைத்தால் இரண்டும் குறையும்.

கதவு போட்டால் செலவு கூடும். தொடக்கத்தில் ஒரு சீலைத் திரை போதும். மருந்து வைக்கிற அலுமாரிக்கு மட்டும் கதவும் தாழ்ப்பாளும் கட்டாயம். பனையோலைப் பெட்டி நமக்குக் கிடைக்காது. மூங்கில் கூடையும் கழுவிய மாஜரின் டப்பாவும் அந்த வேலையைச் செய்யும்.

சோதித்த பிறகே சாமான்

அலுமாரியின் அடி, நிலத்திலிருந்து நாலரை அடியில் இருந்தால் வீட்டிலுள்ள பெண்களுக்கு எட்டும். கட்டில், தொட்டில், அடுப்பு இவற்றுக்கு மேலே கொளுவாதீர்கள். சாமான் வைக்குமுன் ஒரு நாள் சோதனை. தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. நீங்கள் வைக்கப் போகிற பாரம் பத்துக் கிலோ என்றால் இருபது லீற்றர் தண்ணீரைப் போத்தல்களில் அடுக்கி, அந்தப் பக்கம் பிள்ளைகளை விடாமல், மறுநாள் வரை வையுங்கள். சுவர்ச் சட்டம் ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் இறக்கிவிட்டு மறுபடி இறுக்குங்கள். தண்ணீர் கொட்டினால் துடைக்கலாம்.

வண்டிக் கொட்டில்: முதலில் மண்ணில் கீறுங்கள்

7 பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,905 சதுர அடி. வீடு 550 போக மிச்சம் 1,355. அதற்குள் மலசலகூடக் குழி, நடைபாதை, மரக்கறித் தோட்டம், வண்டி எல்லாம். ஆகவே கொட்டிலைப் பெரிசாகப் போடவும் கூடாது, நெருக்கிப் போட்டுப் பிறகு அழவும் கூடாது.

அல்லைப்பிட்டிப் பெரியவர் சொன்னது: "நான் கடதாசியில கீறேல்ல. மணலில தடியால கீறி, ஓட்டோவைக் கொண்டந்து விட்டு, கதவாலை இறங்கிப் பாத்தனான்." நாமும் அப்படியே செய்யலாம். நாலு முளை, ஒரு கயிறு. வண்டியை உள்ளே விட்டு, இறங்கி, சுற்றி நடந்து, குனிந்து சில்லைக் கழற்றுவதுபோல் செய்து பாருங்கள்.

சாதாரண ஓட்டோ ஏறத்தாழ 8 அடி 8 அங்குல நீளம், 4 அடி 3 அங்குல அகலம். உங்கள் வண்டியை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கொட்டில் 8 அடி அகலம், 12 அடி நீளம் என்று வைப்போம். 96 சதுர அடி, ஒரு லயக் காம்பராவை விடச் சின்னது. ஒரு பக்கம் 9 அங்குலம் விட்டு வண்டியை நிறுத்தினால் மறுபக்கம் 3 அடி கிடைக்கும். அதில் 9 அங்குல அலுமாரி போனாலும் இரண்டேகால் அடி நடைபாதை மிஞ்சும். முன்னாலே 3 அடி 4 அங்குலம். அதில் ஒன்றரை அடி அகல வேலை மேசை போட்டால் நிற்க 1 அடி 10 அங்குலம். ஓர் ஆளுக்குப் போதும்.

இன்னும் சில:

தரையைக் கல்லிட்டு இறுக்கி, வெளிப்பக்கமாக நாலடிக்கு ஓர் அங்குலம் சரிவு வையுங்கள்.
கூரைத் தண்ணீர் வீட்டுச் சுவரிலோ அயல் வீட்டாரின் வளவிலோ விழக் கூடாது. பீலி போட்டுக் கானுக்கு விடுங்கள்.
மலசலகூடக் குழியின் மூடிக்கு மேலே வண்டி ஏறக் கூடாது.
நமது ஊர் சாய்வு. சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.
நாலு பக்கமும் அடைத்த கொட்டிலுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். புகையிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

அல்லைப்பிட்டிக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே நிலம் மட்டம். இங்கே கொட்டிலுக்கு இடம் வேண்டுமென்று வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைச் செங்குத்தாக வெட்டுகிறோம். மழைக்காலத்தில் அந்த வெட்டுத்தான் முதலில் சரியும். இடமில்லையென்றால் கொட்டிலைச் சிறிதாக்குங்கள், மலையை வெட்டாதீர்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

வெளியில், பூட்டுக்குள்

பெற்றோலின் ஆவி காற்றை விடப் பாரம். அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது நம்மில் பலர் வீட்டுக்குள் பெற்றோல் சேர்த்தோம். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் வரிசை முழுதும் போகும் என்று தெரிந்துகொண்டே செய்தோம். இனி வேண்டாம். வண்டியின் தாங்கியில் இருப்பது போதும்.

மண்ணெண்ணெயையும் களைக்கொல்லியையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு எழுத்து வாசிக்கத் தோன்றாது, போத்தல்தான் தெரியும். மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, கொட்டிலில் பூட்டுள்ள தகரப் பெட்டிக்குள், கீழ்த்தட்டில் வையுங்கள். லயத்தில் இருப்பவர்கள் வரிசைக்கு ஒன்றாக, காம்பராக்களுக்கு எட்டப் பொதுப் பெட்டி ஒன்று வைக்கத் தோட்ட நிர்வாகத்திடம் சேர்ந்து கேட்கலாம். சாவி பெரியவர்கள் இருவரிடம்.

கதவருகே ஒரு பெட்டி

விடைபெறும்போது ஒன்றைக் கவனித்தோம். வீட்டு வாசற் கதவுக்குப் பக்கத்தில், கை எட்டும் உயரத்தில், தனியாக ஒரு சின்னத் தட்டு. அதில் ஒரு தகரப் பெட்டி மட்டும். "இது என்ன ஐயா?" என்றோம்.

"அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பிள்ளையளின்ர சேர்டிபிக்கட். ஓடேக்க எடுக்கிறதுக்கு" என்றார்.

அந்த ஊர் மக்கள் 1990இலும் ஓடினார்கள். 2006இலும் ஓடினார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் மாதம், தஞ்சம் புகுந்த புனித பிலிப்பு நேரியார் தேவாலயத்திலேயே எறிகணை விழுந்து பலர் உயிரிழந்தார்கள். மிஞ்சியவர்கள் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து "இது எங்கள் காணி" என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசி வேண்டியிருந்தது.

நமக்குக் கடதாசியின் அருமை புதிதல்ல. 1948இல் குடியுரிமையைப் பறித்தபோது அத்தாட்சி கேட்டார்கள். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை எத்தனையோ பேர் அத்தாட்சியோடு அலைந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பரில் திட்வா புயல் மழையில் மலையகத்தில் எத்தனையோ இடங்கள் சரிந்தன. நாம் ஓட வேண்டிய காரணம் வேறு. எடுக்க வேண்டிய பெட்டி ஒன்றுதான்.

ஆகவே முதல் பலகைத் துண்டில் அந்தத் தட்டைச் செய்யுங்கள். ஓரடிப் பலகை, இரண்டு தாங்கு. அதில் அத்தாட்சிகளைப் பொலித்தீன் உறையிலிட்ட பெட்டி, ஒரு டோர்ச். வேறு எதுவும் அதில் வைக்கக் கூடாது. நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, முதலில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கையில் பிடியுங்கள். வழியில் எட்டினால் பெட்டி. எட்டாவிட்டால் விட்டுவிட்டு ஓடுங்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் மூன்றாவது குவியலில் என்னென்ன இருக்கின்றன? இன்றிரவு அவை எங்கே இருக்கின்றன?
2. பிள்ளை படுக்கிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது?
3. நம் சுவர் துளையைத் தாங்குமா? தட்டிப் பார்த்தோமா?
4. பிளைவுட் பலகையைப் பங்கு போட நம்மோடு சேரக் கூடிய நாலு வீடு எவை?
5. விளக்கு இல்லாத இரவில் அத்தாட்சிப் பெட்டியை எத்தனை நிமிசத்தில் எடுக்கலாம்?

அந்தப் பெரியவருக்கு ரயர் மாற்றிய உதவிக்குக் காசு நீட்டினோம். வாங்கவில்லை. "ஊருக்குப் போய் நீங்களும் ஒண்டு செய்து கொளுவுங்கோ, அது காணும்" என்றார். எங்கள் குழுவில் இரண்டு வீட்டில் அலுமாரி ஏறிவிட்டது. ஒன்றின் கதவு கொஞ்சம் கோணல். ஆனால் குறட்டைத் தேட மூன்று பேர் இப்போது தேவையில்லை. உங்கள் வீட்டில் செய்தால் அளவையும் செலவையும் எழுதி அனுப்புங்கள். அடுத்தவருக்கு உதவும்.